காற்று எங்கே போகிறது?

பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘வெப்ப இயற்பியல்’ அலகை நடத்தும்போது, ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில் என் வகுப்பு சோர்ந்துவிடும். பாயில் விதி, சார்லஸ் விதி, நல்லியல்பு வாயுச் சமன்பாடு என்று கரும்பலகை நிறையும். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள், தேர்வில் சரியாகவும் எழுதிவிடுவார்கள். ஆனால் அந்தச் சமன்பாட்டை வெளியே எங்காவது பார்த்தோம் என்று ஒருவரும் வந்து சொன்னதில்லை.

சென்ற ஆண்டு ஒரு மாணவன் இந்தப் பாடத்தின் நடுவே எழுந்து, “சார், வண்டியில டர்போ கெட்டுப்போச்சான்னு எப்படி சார் கண்டுபிடிக்கிறது?” என்று கேட்டான். நான், “அது நம்ம பாடத்துல இல்லப்பா, உட்காரு” என்றேன். அவனும் உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு வாரம் கழித்து அவன் தொடர்ந்து மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் வந்தவனிடம் விசாரித்தபோதுதான் விவரம் தெரிந்தது. அவன் தந்தை சொந்தமாக ஒரு டீசல் கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவர். மலைப்பாதையில் வண்டி இழுக்கவில்லை; கரும்புகை தள்ளியது. ஒரு பணிமனையில் கணினியைப் பொருத்திப் பார்த்து, “டர்போ போச்சு” என்று சொல்லிவிட்டார்கள். வீட்டு நகையை அடகு வைத்து டர்போவை மாற்றினார்கள். மறுவாரமே வண்டி பழையபடி திணறியது. இப்போது இன்ஜெக்டரையும் மாற்ற வேண்டும் என்கிறார்களாம். வண்டி ஓடாததால் தந்தை வேறு வேலைக்குப் போக, துணைக்கு இவனும் போயிருக்கிறான்.

“சார், புது டர்போ போட்டும் இழுக்கல. அப்போ பழசு நல்லாத்தான சார் இருந்திருக்கும்? மாத்தறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்க வழியே இல்லையா சார்?” என்று கேட்டான்.

வழி இருந்தது. அது நான் நடத்திக்கொண்டிருந்த அதே பாடத்தில்தான் இருந்தது. அதன் பிறகு எங்கள் பள்ளியின் தொழிற்கல்விப் பிரிவில் தானியங்கி ஊர்திப் பாடம் நடத்தும் சக ஆசிரியரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டதையும், அதை வைத்து வகுப்பில் செய்த செயல்பாடுகளையும் இங்கே பகிர்கிறேன். எட்டாம் வகுப்பின் ‘விசையும் அழுத்தமும்’, ஒன்பதாம் வகுப்பின் ‘பாய்மங்கள்’, பத்தாம் வகுப்பின் வாயு விதிகள் ஆகிய மூன்றுக்கும் இது பயன்படும்.

எஞ்சின் மூச்சுவிடும் பாதை

எஞ்சினுக்கு எரிபொருளைவிடக் காற்றே மிக அதிகமாகத் தேவை. 1 கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். 1 லிட்டர் டீசலின் நிறை சுமார் 0.83 கிலோ. எனவே அதற்குத் தேவையான காற்று சுமார் 12 கிலோ. 1 கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிலோ என்று கொண்டால், 1 லிட்டர் டீசலுக்கு 10 கன மீட்டர், அதாவது 10,000 லிட்டர் காற்று! இந்தக் கணக்கை மாணவர்களையே போடச் சொல்லுங்கள். விடை வந்ததும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

இவ்வளவு காற்றைச் சிறிய சிலிண்டருக்குள் எப்படி அடைப்பது? அதற்குத்தான் டர்போசார்ஜர். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரம் சுழலும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளும். இந்தச் சக்கரங்கள் நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேலும் சுழலக்கூடியவை.

காற்றின் பாதையைக் கரும்பலகையில் ஒரே கோடாக வரையலாம்: ஏர் ஃபில்டர், காற்றின் அளவை உணரும் சென்சார், டர்போ, இன்டர்கூலர், இன்டேக் மேனிஃபோல்டு, சிலிண்டர். இவற்றை இணைப்பவை ரப்பர் ஹோஸ்களும் கிளாம்ப்களும். சில வண்டிகளில் சென்சார்களின் இடமும் எண்ணிக்கையும் மாறும். பாதையின் வரிசை பெரும்பாலும் இதுதான்.

இந்தக் கோட்டில் டர்போ இருக்கும் இடத்தில் ஒரு குறுக்குக்கோடு போடுங்கள். அதற்கு முன்னால் உள்ளது உறிஞ்சும் பக்கம். அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவு. பின்னால் உள்ளது அழுத்தும் பக்கம். வண்டி சுமையோடு இழுக்கும்போது அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிட அதிகம். ஓட்டை முதல் பக்கத்தில் இருந்தால் வடிகட்டாத காற்று தூசியோடு உள்ளே போகும். வேகமாகச் சுழலும் சக்கரத்தின் இதழ்களைத் தூசி அரித்துவிடும். ஓட்டை இரண்டாம் பக்கத்தில் இருந்தால், டர்போ அழுத்திய காற்று சிலிண்டருக்குப் போய்ச் சேராமல் வெளியேறும். ஓட்டை ஒன்றுதான், இருக்கும் இடத்தைப் பொறுத்து விளைவு தலைகீழாகிறது.

கரும்பலகைக் கணக்கு

இங்கே மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை ஒன்று உண்டு. அழுத்தமானி 1 பார் என்று காட்டினால், அது வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் உள்ள 1 பார். வளிமண்டலத்தையும் சேர்த்தால் மொத்த அழுத்தம் சுமார் 2 பார். வாயுச் சமன்பாட்டில் மொத்த அழுத்தத்தைத்தான் போட வேண்டும். வெப்பநிலையும் கெல்வினில் இருக்க வேண்டும்.

வெளிக்காற்று 1 பார், 27 டிகிரி செல்சியஸ், அதாவது 300 கெல்வின். டர்போ அதை 2 பாருக்கு அழுத்தும்போது அது சூடாகிறது. 127 டிகிரி, அதாவது 400 கெல்வின் என்று எடுத்துக்கொள்வோம். அடர்த்தி எத்தனை மடங்கு? 2-ஐ 300-ஆல் பெருக்கி 400-ஆல் வகுத்தால் 1.5 மடங்கு. “அழுத்தம் இரண்டு மடங்கானதே, அடர்த்தி ஏன் ஒன்றரை மடங்குதான்?” என்று கேளுங்கள். வெப்பத்தால் காற்று விரிகிறது என்று அவர்களே சொல்வார்கள். இன்டர்கூலர் ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கும் அங்கேயே விடை கிடைக்கும். இன்டர்கூலரில் காற்று 57 டிகிரிக்கு, அதாவது 330 கெல்வினுக்குக் குளிர்ந்தால் அடர்த்தி 1.82 மடங்காகிறது.

இப்போது ஹோஸில் ஓட்டை விழுந்து, அழுத்தமானியில் 1 பார் வர வேண்டிய இடத்தில் 0.4 பார்தான் வருகிறது என்று வைப்போம். மொத்த அழுத்தம் 1.4 பார். வெப்பநிலை அதேதான் என்று கொண்டால் அடர்த்தி 1.27 மடங்கு. 1.82 எங்கே, 1.27 எங்கே? சிலிண்டருக்குள் போகும் காற்றில் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிட்டது. டீசல் எரியப் போதிய காற்று இல்லை. எரியாத கரிதான் கரும்புகையாக வருகிறது. மேடு ஏறும்போது வண்டி திணறுவதும் இதனால்தான்.

சமதளத்தில், மெதுவாகப் போகும்போது மட்டும் வண்டி ஏன் ஒழுங்காக ஓடுகிறது? அப்போது டர்போ அதிகம் அழுத்துவதில்லை. அழுத்தம் இல்லாத இடத்தில் ஓட்டை தன்னைக் காட்டிக்கொள்ளாது.

கணினி சொன்னது என்ன?

இந்தப் பாடத்தின் மையம் இதுதான். வண்டியின் கணினி பொதுவாக ‘பி 0299’ போன்ற ஒரு குறியீட்டைக் காட்டும். அதன் பொருள், எதிர்பார்த்த அளவு அழுத்தம் வரவில்லை என்பது மட்டுமே. டர்போ கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை.

அழுத்தம் குறையக் காரணங்கள் பல. ஹோஸ் கிழிந்திருக்கலாம், கிளாம்ப் தளர்ந்திருக்கலாம், இன்டர்கூலரின் ஓரம் விட்டிருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு சிக்கியிருக்கலாம், சென்சாரே தவறாகச் சொல்லலாம், டர்போவும் கெட்டிருக்கலாம். இவற்றில் மிக விலை கூடியதை முதலில் மாற்றியதுதான் அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்த இழப்பு. மலிவானதையும் எளிதில் சோதிக்கக்கூடியதையும் முதலில் பார்த்திருந்தால் நகை வீட்டிலேயே இருந்திருக்கும்.

அளவீடு வேறு, அனுமானம் வேறு என்று அறிவியல் முறை பற்றிச் சொல்லும்போது நாம் கற்பிப்பது இதைத்தான்.

செயல்பாடு 1: பாட்டில் எஞ்சின்

தேவையானவை: தடித்த குளிர்பான பாட்டில்கள் 2 (தலா 1 லிட்டர்), மீன்தொட்டிக்குப் பயன்படும் ஒளிபுகும் மெல்லிய குழாய், 50 மி.லி. சிரிஞ்சு (ஊசி இல்லாமல்), துணி உலர்த்தும் கிளிப்புகள், இணைப்புகளை அடைக்க எம்சீல், வண்ணம் கலந்த நீர், சோப்பு நீர்.

இரண்டு பாட்டில் மூடிகளிலும் துளையிட்டு, குழாயால் ஒன்றோடொன்று இணையுங்கள். முதல் பாட்டிலில் சிரிஞ்சுக்கு ஒரு குழாயும், வண்ண நீர் உள்ள U வடிவக் குழாய்க்கு இன்னொன்றும் இருக்கட்டும். முதல் பாட்டிலை டர்போவின் வாய் என்றும், இரண்டாவதை இன்டர்கூலர் என்றும் சொல்லிவிடலாம்.

சிரிஞ்சால் காற்றைச் செலுத்துங்கள். ஒவ்வொரு முறையும் சிரிஞ்சை எடுக்குமுன் குழாயை மடித்துக் கிளிப் போட வேண்டும். U குழாயில் நீர்மட்ட வேறுபாடு 30 செ.மீ. ஆகும்வரை செலுத்துங்கள். அழுத்தம் என்ன? உயரம் 0.3 மீட்டர், நீரின் அடர்த்தி 1000, புவியீர்ப்பு முடுக்கம் 9.8; பெருக்கினால் 2940 பாஸ்கல். இது வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 3 சதவீதம். பாயில் விதிப்படி, 2 லிட்டர் இடத்தில் அழுத்தம் 3 சதவீதம் உயர ஏறத்தாழ 60 மி.லி. காற்று கூடுதலாகச் செல்ல வேண்டும். சிரிஞ்சில் சென்றதை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டில் சற்று உப்புவதால் கொஞ்சம் கூடுதலாகவே வரும். ஏன் கூடியது என்பதே ஒரு நல்ல கேள்வி.

நீர்மட்டம் அசையாமல் நின்றால் கசிவு இல்லை. இனி மாணவர்கள் பார்க்காதபோது இரண்டாம் பாட்டிலில் ஊசியால் ஒரு சிறு துளை போட்டு மீண்டும் காற்றைச் செலுத்துங்கள். நீர்மட்டம் இறங்கும். எங்கே கசிகிறது?

உடனே சோப்பு நீரை எடுக்க விடாதீர்கள். முதலில் இரண்டு பாட்டில்களுக்கும் நடுவே உள்ள குழாயைக் கிளிப்பால் அடைக்கச் சொல்லுங்கள். நீர்மட்டம் இறங்குவது நின்றுவிட்டால் கசிவு அந்தப் பக்கம்; தொடர்ந்து இறங்கினால் இந்தப் பக்கம். ஒரே கிளிப்பில் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்தது. அதன் பிறகு அந்தப் பாதியில் மட்டும் சோப்பு நீர் தடவினால் குமிழி வரும் இடம் தெரிந்துவிடும். சமையல் எரிவாயு சிலிண்டர் கொண்டு வருபவர் வாயில் சோப்பு நீர் விட்டுப் பார்ப்பதை எல்லாரும் கண்டிருக்கிறார்கள். அதை நினைவூட்டினால் போதும்.

செயல்பாடு 2: பஞ்சர் கடைப் பாடம்

முள் குத்திய பழைய சைக்கிள் டியூப் ஒன்றும், ஒரு தொட்டி நீரும் போதும். டியூபில் மிகக் குறைவாகக் காற்றடித்து நீரில் அமிழ்த்துங்கள். சிறிய துளையாக இருந்தால் பெரும்பாலும் குமிழி வராது. இன்னும் காற்றடித்து, டியூப் நன்றாக உப்பியதும் அமிழ்த்தினால் குமிழி வரிசையாக வரும். ரப்பர் தளர்ந்திருக்கும்போது துளையின் உதடுகள் மூடிக்கொள்கின்றன, விறைக்கும்போது திறக்கின்றன.

பஞ்சர் கடைக்காரர் இதை நன்றாக அறிவார். வண்டியின் ஹோஸும் அப்படித்தான். எஞ்சின் நின்றிருக்கும்போது கண்ணால் பார்த்து “ஹோஸ் நல்லா இருக்கு” என்று சொன்னால் அது போதாது. வேலை செய்யும் அழுத்தத்தில் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

பணிமனையில் கண்டது

பெற்றோரின் ஒப்புதலோடும் தலைமையாசிரியரின் அனுமதியோடும், ஒரு சனிக்கிழமை அந்த வண்டியை எங்கள் பழைய மாணவர் ஒருவரின் பணிமனைக்குக் கொண்டுபோனோம். வேலை செய்தது அவரும் தொழிற்கல்வி ஆசிரியரும்தான். மாணவர்கள் தள்ளி நின்று பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். நடந்த வரிசை இது:

1. எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டார்கள். பிறகு ஒவ்வொரு இணைப்பையும் கண்ணால் பார்த்து, கையால் தடவினார்கள். ஹோஸுக்குள் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு. ஆனால் இணைப்பின் வெளிப்பக்கம் எண்ணெயும் தூசியும் சேர்ந்து ஈரமாக இருந்தால், காற்று அந்த வழியே வருகிறது என்று சந்தேகிக்கலாம்.

2. ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் ஹோஸைக் கழற்றி, டர்போவின் பக்கத்தை ஒரு மூடியால் அடைத்துக் கிளாம்ப் போட்டார்கள். அந்த மூடியில் டயர் வால்வு பொருத்தியிருந்தது. எஞ்சினின் பிரீதர் ஹோஸைக் கழற்றி அந்த வாயையும் அடைத்தார்கள். இல்லாவிட்டால் காற்று எஞ்சினின் அடிப்பகுதிக்குப் போய் எண்ணெய் சீல்களைக் கெடுத்துவிடும்.

3. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வழியாக, முதலில் 0.3 பார் மட்டும் காற்று செலுத்தினார்கள். அழுத்தமானி மெல்ல இறங்கியது. “கசிவு!” என்று மாணவர்கள் கூவினார்கள். தொழிற்கல்வி ஆசிரியர் சிரித்துக்கொண்டே, “ஏதாவது ஒரு சிலிண்டர்ல வால்வு திறந்திருக்கும், அது வழியா கொஞ்சம் போகத்தான் செய்யும். மானி இறங்குறத மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. சத்தத்தைக் கேளுங்க, குமிழியைப் பாருங்க” என்றார்.

4. எல்லா இணைப்புகளிலும் சோப்பு நீர் தெளித்தார்கள். எங்கும் குமிழி இல்லை. அழுத்தத்தை மெல்ல 0.7 பாருக்கு உயர்த்தினார்கள். அந்த எஞ்சினின் வழக்கமான அழுத்தத்தை ஒருபோதும் தாண்டக் கூடாது என்பது விதி.

அப்போது ‘உஸ்’ என்ற சத்தம் கேட்டது. இன்டர்கூலரிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸின் அடிப்பக்கம், ஒரு தாங்கியில் உரசி உரசி, விரல்நீளத்துக்குக் கிழிந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாத இடம். அழுத்தம் குறைந்ததும் கிழிசல் மூடிக்கொண்டு, ஒன்றும் இல்லாதது போல ஆகிவிட்டது. மாணவர்கள் மூன்று முறை அழுத்தத்தை ஏற்றி இறக்கச் சொல்லிப் பார்த்தார்கள்.

ஹோஸை மாற்ற ஆன செலவு, டர்போவுக்குக் கொடுத்ததில் ஒரு சிறு பங்கு. மறுநாள் வண்டி மலை ஏறியது. அவன் தந்தை என்னிடம் வந்து நன்றி சொன்னபோது, என்னால் அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. அடகு வைத்த நகை இன்னும் மீளவில்லை. அவர் மகன் என்னிடம் கேள்வி கேட்டது டர்போவை மாற்றுவதற்கு முன்பு.

பாதுகாப்பு

வாகனத்தில் செய்யும் சோதனையை மாணவர்களிடம் விடக் கூடாது. அடைத்த மூடி அழுத்தத்தில் தெறித்து வரலாம். அதன் நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது. கண்ணாடி அணிய வேண்டும். சூடான எஞ்சினில் கை வைக்கக் கூடாது. ஓடும் எஞ்சின்மீது எரியக்கூடிய திரவத்தைத் தெளித்துக் கசிவு தேடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பதால் அதைச் செய்யவே வேண்டாம் என்று மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். புகையைக் குறைந்த அழுத்தத்தில் செலுத்திக் கசிவு காணும் கருவி பெரிய பணிமனைகளில் இருக்கிறது, வாய்ப்பிருந்தால் காட்டலாம். வகுப்பறைக்குப் பாட்டிலும் சிரிஞ்சும் போதும். கண்ணாடி பாட்டில் வேண்டாம்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. மேடு ஏறும்போது மட்டும் வண்டி திணறுகிறது. சமதளத்தில் நன்றாக ஓடுகிறது. கசிவு எந்தப் பக்கம் இருக்கலாம்? ஏன்?

2. அழுத்தமானி 0.8 பார், வெப்பநிலை 57 டிகிரி. வெளிக்காற்று 1 பார், 27 டிகிரி. அடர்த்தி எத்தனை மடங்கு?

3. டர்போ உள்ள பெட்ரோல் எஞ்சினில், த்ராட்டிலுக்குப் பின்னால் ஒரு துளை. வண்டி நின்ற நிலையில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு, வேகமெடுக்கும்போது அதிகம். இரு நேரங்களிலும் காற்று எந்தத் திசையில் போகும்?

4. கணினி ‘அழுத்தம் போதவில்லை’ என்கிறது. நீங்கள் சோதிக்கும் வரிசையை எழுதி, ஒவ்வொரு படிக்கும் காரணம் கூறுக.

நான்காம் வினாவுக்கு ஒரே விடை இல்லை. எளிதானதிலிருந்து அரிதானதற்கும், செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்கும் வரிசைப்படுத்தியிருந்தால் முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

நிறைவாக

இந்தப் பாடத்திற்குப் பிறகு என் மதிப்பெண் பதிவேட்டைப் பார்க்கும் விதமும் சற்று மாறியிருக்கிறது. ஒரு பிள்ளை கணக்கில் 20 மதிப்பெண் வாங்கினால், அதுவும் ஓர் அளவீடு மட்டுமே. ‘இவனுக்குக் கணக்கு வராது’ என்று சொல்வது, சோதிக்காமலே டர்போவை மாற்றுவது போல. வகுத்தலில் தடுமாறுகிறானா, வினாவை வாசிப்பதில் தடுமாறுகிறானா, கரும்பலகை தெரியவில்லையா, காலையில் சாப்பிட்டானா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியது நம் வேலை.

அந்த மாணவன் இப்போது பதினொன்றாம் வகுப்பில் தொழிற்கல்விப் பிரிவில் சேர்ந்திருக்கிறான். வகுப்பில் யாராவது பாடத்துக்கு வெளியே கேள்வி கேட்டால், “அது நம்ம பாடத்துல இல்ல” என்று நான் இப்போது சொல்வதில்லை. விடை தெரியாவிட்டால், “நாளைக்கு விசாரிச்சுட்டு வர்றேன்பா” என்று சொல்லிக் குறித்துக்கொள்கிறேன்.